லிஸ்ட்டுக்குப் போன கடிதம்

மார்ச் 3

அன்புள்ள ஹெட்மிஸ்ட்ரஸுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீ நலமா என்று கேட்க மாட்டேன். அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாயிற்று. கட்டிய புருஷனோடு போன் கிடையாது, எழுத்துதான் என்று சட்டம் போட்டவள், என் அக்காவோடு மட்டும் மணிக்கணக்கில் பேசுகிறாய். போகட்டும். "போன்ல நீங்க சிரிக்க வெச்சிடறீங்க. அப்புறம் எதுக்காகக் கூப்பிட்டேன்னே மறந்துபோகுது" என்றாய். புருஷன் சிரிக்க வைக்கிறான் என்று புகார் கொடுத்த பெண்டாட்டி உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

செய்திக்கு வருகிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. "மூடியில்லாமல் மிக்ஸியை ஓட்டாதீர்கள்" என்று பாதி ஆயுசு எழுதிக் கை தேய்ந்தவனை, கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் உட்கார்ந்து எல்லா புரோகிராமையும் மேய்க்கிற கெர்னல் இருக்கிறதே, அதன் கையேடுகளைத் துடைத்துச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் கொம்பன். யாருடைய திருத்தம் கெர்னலுக்குள் போகலாம், யாருடையது குப்பைக்குப் போகலாம் என்று தீர்ப்புச் சொல்கிற அதே கொம்பன். நீ ஒருமுறை, கெர்னல் எழுதுகிற அத்தனை பேருக்கும் ஒரே மெயில் போய்ச் சேருகிற மெயிலிங் லிஸ்ட்டில், ஊர் பார்க்க அவரோடு மல்லுக்கட்டி, கடைசியில் அவரை "சரிம்மா" சொல்ல வைத்தாயே, அவர்தான்.

முதல் வேலையே உன் பேட்டையில். மெமரியில் எந்த இடம் யாருக்கு என்கிற அட்டவணை. பத்துப் பேர் பத்து வருடமாக ஆளுக்கொரு வரி செருகியிருக்கிறார்கள். ஒருவர் ஆரம்பத்தை எழுதினார், முடிவை எழுதவில்லை. இன்னொருவர் அளவை மட்டும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனவர், இன்னும் திரும்பவில்லை.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திட்டு. ஒவ்வொரு புரோகிராமிடமும் "இந்த மாளிகை முழுக்க உனக்குத்தான்" என்று கெர்னல் புளுகி வைத்திருக்கிறது. மெஷினில் இருப்பது எட்டு ஜிபி. காட்டுவதோ டெராபைட் கணக்கில். அக்கா தன் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வாளே, அந்த மாதிரி. மாளிகையின் அடியில் 128 டெராபைட் புரோகிராம்களுக்கு. உச்சியில் 128 டெராபைட் கெர்னலுக்கு. நடுவில் ஒன்றரைக் கோடி டெராபைட்டுக்கு மேல் வெறும் வெளி. அங்கே காலை வைத்த புரோகிராம் அந்த இடத்திலேயே காலி. இதைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியது என்று எழுத மாட்டேன். உனக்கு உவமை பிடிக்காது.

அட்டவணையைத் துடைத்து லிஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டேன். விஷயம் தெரிந்த வேறொருவர் "பார்த்தேன், சரி" என்று கீழே எழுதினால்தான் கொம்பன் உள்ளே விடுவாராம். மெமரிக்கு அந்த வேறொருவர் நீதானாம். ஆக, உன் சம்மதமில்லாமல் வீட்டில் மட்டுமல்ல, கெர்னலிலும் என்னால் ஒரு ஆணி அடிக்க முடியாது.

உன்னை அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கேட்கிறார்களாமே? மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாமே? அதுவும் அக்கா வழியாகத்தான் வந்து சேர்ந்தது. நல்ல வேலை. யோசித்து முடிவு செய். உன் இஷ்டம்.

இப்படிக்கு,
வீட்டில் மிச்சமிருக்கும் ஆள்


மார்ச் 7

என்னங்க,

வேலை கிடைத்ததில் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். கொம்பன் உங்களை எடுத்ததில் என் சிபாரிசு கிடையாது. அக்கா கேட்டால் அப்படியே சொல்லுங்கள். அவர்கள் நம்ப மாட்டார்கள், பரவாயில்லை.

அட்டவணையைப் பார்த்தேன். சரியில்லை. ஊர் பார்க்கிற இடம் என்பதால் லிஸ்ட்டில் மரியாதையாக எழுதினேன். இங்கே மரியாதை இல்லாமல் எழுதுகிறேன்.

யாரும் இல்லாத இடத்துக்கெல்லாம் "காலி" என்று ஒரே சொல்லைப் போட்டு வைத்திருக்கிறீர்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் எல்லாமே காலி இல்லை. ஒன்று, இன்னும் யாருக்கும் தேவைப்படாததால் சும்மா கிடப்பது. நாளைக்கு யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம். இன்னொன்று, யாரும் வரக் கூடாது என்று நாங்களே விட்ட இடைவெளி. எல்லை தாண்டி ஓடி வருகிற புரோகிராம் அடுத்தவன் வீட்டுக்குள் போய் நாசம் செய்யாமல் அங்கேயே விழுந்து அகப்படட்டும் என்று விட்டது. உங்கள் அட்டவணையை நம்பி ஒருவன் அதில் போய்க் குடியேறினால் மெஷின் படுத்துவிடும். ஏன் காலி என்று எழுதாமல் காலி என்று மட்டும் எழுதாதீர்கள்.

இரண்டாவது. உச்சியில் இருக்கிற இடங்களுக்கு மேலேயிருந்து இறங்கிக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அந்த நீள எண்களை மனிதர்கள் படிக்க மாட்டார்கள்.

மூன்றாவது, அட்டவணையைப் பற்றியது இல்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இந்த வேலை வந்தபோதும் இதையேதான் சொன்னீர்கள். டாக்ஸி வாசலில் நிற்கிறது, நான் பெட்டியோடு நிற்கிறேன், நீங்கள் "உன் இஷ்டம்மா" என்றீர்கள். நான் அசையாமல் நின்றதைப் பார்த்து டிரைவர், "ஏதாவது மறந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.

என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்கள் இஷ்டம் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?

நான்தான்


மார்ச் 11

ஹெட்மிஸ்ட்ரஸுக்கு,

இரண்டாவது தடவையாகத் திருத்தி லிஸ்ட்டில் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு காலிக்கும் ஏன் காலி என்று எழுதியாயிற்று. மேலேயிருந்து எண்ணச் சொன்னாயே, அதில்தான் மண்டை காய்ந்துவிட்டது. மைனஸ் 128 டெராபைட் என்று ஓர் இடமா? மாடிவீட்டுப் பல் டாக்டரிடம் புலம்பினேன். அவர் ஒரு நோயாளியின் வாயில் கையை வைத்துக்கொண்டே, "மாசம் முடிய இன்னும் நாலு நாள்னு சொல்றதில்லையா சார், அப்படித்தான்" என்றார். நோயாளியும் தலையை ஆட்டினார். வலியில் ஆட்டினாரா தெரியாது. நான் மட்டும்தான் உலகத்தில் மக்கு.

இந்த வேலையில் ஒரு கள்ளச் சந்தோஷம் இருக்கிறது, சொல்லட்டுமா? கெர்னலுக்குள்ளே அங்கங்கே நீ எழுதி வைத்த குறிப்புகள் அகப்படுகின்றன. "இந்த வரியைத் தொடாதே. தொட்டே தீருவேன் என்றால் முதலில் என்னிடம் கேள்." படித்ததும் யார் எழுதியது என்று பெயரைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. நம் வீட்டு கீசர் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்ததும் ஏறக்குறைய இதே வாசகம்தான். இன்னொரு இடத்தில், "இது அசிங்கமாக இருக்கிறது என்று எனக்கும் தெரியும். இன்று காய்ச்சல். நாளை சரி செய்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. படுத்துக்கொள் என்று நான் கத்த, லேப்டாப்பைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாய். மறுநாள் சரி செய்யவில்லை, தெரியுமா? அது இன்னும் அசிங்கமாகத்தான் இருக்கிறது. அட்டவணைக்குச் சம்பந்தமே இல்லாத அந்தப் பக்கத்தைத் தினமும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன்.

வீட்டு நிலவரம்: மின்விசிறியை இரண்டில் வைப்பதா ஐந்தில் வைப்பதா என்று கல்யாணமான நாளிலிருந்து நமக்குள் வழக்கு நடந்ததே. இப்போது எதிர்க்கட்சி இல்லை. ஜெயித்த மிதப்பில் ஐந்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். குளிர்கிறது. இரண்டில் வைத்துவிட்டேன். இதை நீதிமன்றத்தில் எனக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது.

மூன்றாவது கேள்விக்குப் பதில் தயாராகிக்கொண்டிருக்கிறது.

வீ. மி. ஆள்


மார்ச் 15

என்னங்க,

இரண்டாவது அட்டவணை நன்றாக இருக்கிறது. ஒரு வரிசையில் மட்டும் அளவும் எல்லையும் ஒத்துப்போகவில்லை, லிஸ்ட்டில் குறித்திருக்கிறேன். காய்ச்சல் குறிப்பைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. அது வேலை செய்கிறது. வேலை செய்வதை யாரும் தொடக் கூடாது.

இங்கே என் அறை மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே பஸ் டெப்போ. காலையில் ஒவ்வொரு பஸ்ஸாக இன்ஜினைச் சூடுபடுத்துவார்கள். முதல் மாதம் காதைப் பொத்திக்கொண்டேன். இப்போது அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறேன். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மெமரிக்கு மட்டும் தனியாக ஒரு குழு, நான் சொன்னால் கேட்கிறார்கள். கொம்பன் மாதிரி ஒவ்வொரு வரிக்கும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. கொஞ்சம் போர்கூட அடிக்கிறது.

நீங்கள் போன வருடம் ஒரு வாரம் வந்திருந்தீர்களே. ஆபீஸ் விருந்தில் என் மேலதிகாரி, "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டார். நீங்கள், "நான் மேடத்தோட லக்கேஜ். கொஞ்சம் கனமா இருக்கும், அதான் தனியா அனுப்பி வெச்சாங்க" என்றீர்கள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கவும் இல்லை, நானாகச் சொல்லவும் இல்லை. அதற்கடுத்த நாள் பால் பாக்கெட்டை வைத்துச் சண்டை போட்டோம். அந்தச் சண்டை பாலுக்காக இல்லை.

முப்பதாம் தேதி பதில் கேட்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று நேராக எழுதுங்கள். அட்டவணையில் எழுதுகிற மாதிரி: என்ன, எங்கே, ஏன். ஓரத்தில் கிண்டல் வேண்டாம்.

நான்தான்


மார்ச் 19

ஹெட்மிஸ்ட்ரஸுக்கு,

கீழே மூன்றாவது அட்டவணை. நீ சொன்ன வரிசையைச் சரி செய்துவிட்டேன். எல்லை ஒரு பைட் கூடுதலாக எழுதியிருந்தேன். வேலியை எண்ணுவதா, வேலிக்கு நடுவில் உள்ள இடத்தை எண்ணுவதா என்கிற பழைய தகராறு.

அட்டவணைக்குக் கீழே, நீ கேட்டது.

என்ன: நீ இல்லை.

எங்கே: கூடத்தில், சமையலறையில், மாடிப்படியில், பேப்பர் படிக்கும்போது எதிரே. நான் ஒரு செய்தியைப் படித்துக் காட்டி அதற்கு ஒரு கிண்டலும் சேர்த்துச் சொல்வேன். நீ கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாய். அந்த முறைப்பு இல்லாமல் என் கிண்டல் எதுவும் முடிவதில்லை, பாதியில் தொங்குகிறது. பல் டாக்டர் சிரிக்கிறார், மருந்துக்கடைக்காரர் சிரிக்கிறார், அக்காகூடச் சிரித்துவிடுகிறாள். சிரிப்பு எனக்கு எதற்கு? எனக்கு வேண்டியது முறைப்பு.

ஏன்: இதுதான் தெரியவில்லை. "போகாதே" என்று சொன்னால் போகாமல் இருந்துவிடுவாய் என்று பயந்தேன். எனக்காக வேலையை விட்டவள் என்று ஊர் சொல்லும், நீ சொல்ல மாட்டாய். நீ சொல்லாததை நான் காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். அதனால் உன் இஷ்டம் என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். டாக்ஸி தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து செருப்பைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து, "டேய், செருப்பு" என்றாள்.

என் இஷ்டத்தைக் கேட்டாய். இதோ. அந்த வேலையை ஒப்புக்கொள்ளாதே. வந்துவிடு.


மார்ச் 20

ஐயோ,

உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். உனக்குத் தெரிவதற்கு முன்னால் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

அட்டவணையை அனுப்புகிற மெயிலிலேயே அதன் அடியில் உனக்கு எழுத ஆரம்பித்து, எழுத எழுத மனசு எங்கேயோ போய், மேலே யாருக்கெல்லாம் போகிறது என்று பார்க்காமல் அனுப்பிவிட்டேன். போனது லிஸ்ட்டுக்கு. நேற்று சாயங்காலத்திலிருந்து கெர்னல் எழுதுகிற அத்தனை பேருக்கும் நான் செருப்போடு கட்டிலில் உட்கார்ந்தது தெரியும்.

நீக்கச் சொல்லிக் கொம்பனிடம் கெஞ்சினேன். லிஸ்ட்டுக்கு வந்தது வந்ததுதானாம், ஏகப்பட்ட இடத்தில் பிரதி எடுத்தாயிற்றாம், அவர் நினைத்தாலும் முடியாதாம். பிறகு லிஸ்ட்டிலேயே எனக்குப் பதில் போட்டார்: "ஒரு திருத்தத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். இதில் அட்டவணை ஒன்று, மனைவி ஒன்று. பிரித்து இரண்டாக அனுப்பவும்."

அதோடு விட்டார்களா? முன்பின் தெரியாத ஆட்கள் வரிசையாக வந்து, இரண்டாவது பகுதிக்குக் கீழே "பார்த்தேன், சரி" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நெட்வொர்க் பகுதியைப் பார்க்கிற ஒரு மனிதர், "இந்த மாற்றத்தால் இப்போது ஓடிக்கொண்டிருப்பது எதுவும் உடையாதா என்று சோதித்தீர்களா?" என்று கேட்டிருக்கிறார். பிரிண்டர் பகுதிக்காரர் ஒருவர், "எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

நீ ஒன்றும் எழுதவில்லை. உன் மானத்தையும் சேர்த்துக் கப்பலேற்றிவிட்டேன். கோபமாக இருந்தால் திட்டி எழுது. சட்டத்தைத் தள்ளுபடி செய்து போனிலேயே திட்டு. நான் ஒரு ஜோக்கும் சொல்ல மாட்டேன்.


மார்ச் 23

என்னங்க,

கோபம்தான். ஒரு நாள் முழுக்க இருந்தது.

நான் மெயிலைத் திறப்பதற்கு முன்னாலேயே ஆபீஸில் படித்துவிட்டார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. பக்கத்து மேஜைப் பெண் டிஷ்யூ பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். என்ன ஆயிற்று, யார் போய்விட்டார்கள் என்று பதறிவிட்டேன். பிறகு படித்தேன். பாத்ரூமுக்குப் போனேன். டிஷ்யூ பெட்டியையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். போதுமா?

அட்டவணை சரியாக இருக்கிறது. லிஸ்ட்டில் எழுதிவிட்டேன், கொம்பன் எடுத்துக்கொள்வார். இரண்டாவது பகுதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை பேர் கையெழுத்துப் போட்டும் ஒருவருக்குக்கூட அந்த ஓட்டை கண்ணில் படவில்லை என்பது ஆச்சரியம்.

ஒருவர் ஓரிடத்தில் இருக்கிறார், இன்னொருவர் வேறிடத்தில் இருக்கிறார், சேர வேண்டும். உடனே "வந்துவிடு" என்கிறீர்கள். யார் நகர்வது சுலபம் என்று பார்த்தீர்களா? என் வேலை இங்கே இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிற மெஷின்களோடு. உங்கள் வேலை மெயிலில். அட்டவணையை அங்கே உட்கார்ந்து துடைத்தாலும் இங்கே உட்கார்ந்து துடைத்தாலும் கொம்பனுக்கு ஒன்றுதான். நீங்கள் இங்கே வரலாம் என்கிற யோசனை உங்கள் கடிதத்தில் ஒரு வரியில்கூட இல்லை. வேண்டாம் என்று எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

நானும் கேட்கவில்லை. கேட்டால் வந்துவிடுவீர்கள். வந்து, எல்லோரிடமும் லக்கேஜ் லக்கேஜ் என்று சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே உள்ளுக்குள் வாடிப்போவீர்கள் என்று பயம். அதைப் பார்ப்பதைவிடத் தனியாக இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு நீங்கள் வந்துபோன மாதத்தோடு சரி. அதற்குப் பிறகு இருந்தது வெறும் வீம்பு.

இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நீங்கள் வருவதாக இருந்தால் சரி என்று கையெழுத்துப் போடுவேன். வர முடியாது என்றால் வேண்டாம் என்று எழுதிவிட்டு நான் கிளம்பி வருகிறேன். கசப்பில்லாமல் வருவேன், அது என் பொறுப்பு. இரண்டில் எது என்று சொல்லுங்கள்.

நான்தான்


மார்ச் 26

அன்புள்ள உனக்கு,

இரண்டு நாளாகப் பதில் எழுதுகிறேன், அழிக்கிறேன்.

வர முடியாததற்குக் காரணங்களை எழுதிப் பார்த்தேன். வீடு, அக்கா, பல் டாக்டரின் வாடகை, முழங்கால். எழுதிவிட்டுப் படித்தால் ஒவ்வொன்றும் எனக்கே சிரிப்பாக இருந்தது. அக்காவுக்குத் துணை வேண்டும் என்று எழுதியதை அவளிடமே காட்டினேன். "எனக்கு நீ துணையா? சாயங்காலமானா காபி எங்கன்னு கேட்டு வந்து நிக்கற. முதல்ல கிளம்பு" என்றாள்.

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். "அங்க போனா நான் யாருக்கா? இங்க தெருவுல இறங்கினா நாலு பேர் 'என்ன சார்'ங்கறாங்க. அங்க 'அவங்க வீட்டுக்காரர்'. அவ்வளவுதான்."

அக்கா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "அவ அங்க போய் இறங்கினப்போ அவளை எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றாள்.

ஒன்றரை வருடமாக நீ போனது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நீ போய் இறங்கினாய், யாரும் தெரியாத இடத்தில் பெட்டியோடு நின்றாய் என்பது ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

கையெழுத்துப் போட்டுவிடு. நான் வருகிறேன். நீ சொல்லி வரவில்லை, அக்கா துரத்தி வரவில்லை (துரத்தினாள், அது வேறு). எனக்கு வர வேண்டும் போலிருக்கிறது. கீழ்வீட்டையும் பல் டாக்டரே எடுத்துக்கொள்கிறார். கூடத்தில் நோயாளிகளை உட்கார வைப்பாராம். அந்தக் கூடம் நம் சண்டைகளையே தாங்கியது, பல் பிடுங்குகிற அலறலையா தாங்காது?

டிக்கெட் எடுத்தாயிற்று. முப்பதாம் தேதி காலை வண்டி. ஸ்டேஷனிலிருந்து எந்த பஸ் என்று எழுது, நானே வந்துவிடுகிறேன்.


மார்ச் 28

என்னங்க,

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அறைக்கு இன்னொரு மேஜை வாங்கினேன். தூக்கி வந்தவர்கள் எங்கே போடுவது என்று கேட்டார்கள். ஜன்னலோரம் என்றேன். பிறகு அது என் இடம் என்று நினைத்துச் சுவரோரம் என்றேன். அவர்கள் படியிறங்கிப் போன பிறகு நானே இழுத்து ஜன்னலோரம் போட்டேன். கீழ்வீட்டுக்காரர் சத்தம் கேட்டு மேலே வந்து, "என்ன மேடம், வீட்டை மாத்தறீங்களா?" என்றார். "இல்ல, எங்க வீட்டுக்காரர் வர்றார்" என்றேன். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன், சாத்திவிட்டு அப்படியே கதவில் சாய்ந்து நின்றேன். இவ்வளவு நாள் இந்த ஊரில் இந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பஸ் எல்லாம் பிடிக்க வேண்டாம். லீவு போட்டிருக்கிறேன். ஸ்டேஷன் வாசலுக்கு நேரே பழக்கடைப் பக்கம் நிற்பேன். மெலிந்திருக்கிறேன், தலை நிறைய நரைத்திருக்கிறது. தேடாதீர்கள், நானே கண்டுபிடித்து வருகிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். என்னைப் பார்த்ததும் நீங்கள் ஏதாவது சொல்வீர்கள். ரயிலிலேயே யோசித்து வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். அதை வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். அங்கே பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் சும்மா நில்லுங்கள். ஆட்கள் இடித்துக்கொண்டு போகட்டும். நான் உங்களை ஒரு தடவை முழுசாகப் பார்க்க வேண்டும்.